நெசவுசாலையும் செய்தி இணைப்பும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை கல்முனைக் கரையை அடையுமுன் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. எனினும், மருதமுனைக்கோ சாய்ந்தமருதுக்கோ முறையான எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று.

செய்தி உரிய வேளையில் சென்று சேர்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இக்கரையோர மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று கணினிகள் தம்முள் செய்தி பரிமாறுதற்குக் கையாளும் முறைகளுள் ஒன்று, 1998இல் வகுக்கப்பெற்ற ஜாவா செய்திச் சேவையாகும். அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் இடையே தரகர் எனப்படும் ஒரு மென்பொருள் நின்று செய்தியைக் காத்து வைக்கிறது. கொழும்பில் 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் அத்தகைய தரகர் ஒன்றை ஆக்கியது. தரகர் செவ்வனே இயங்கினும், இணைப்பு, அமர்வு என்னும் இரண்டையும் தவறாகக் கையாண்டால் செய்தி தடைப்படும்.

இவ்விரண்டின் வேறுபாட்டை மருதமுனைக் கைத்தறியைக் கொண்டு விளக்கலாம். இணைப்பு என்பது நெசவுசாலை. அமர்வு என்பது அதனுள் உள்ள தறி. சாலையைக் கட்டுதல் செலவு மிக்க வேலை. தரகரைத் தேடித் தொடர்பு கொள்ளுதல், அடையாளத்தை மெய்ப்பித்தல் ஆகிய யாவும் அதில் அடங்கும். ஒரு சேலை நெய்ய ஒரு சாலை கட்டுவாருண்டோ? ஆயினும் செய்திக்கொரு இணைப்பைத் திறந்து மூடும் நிரல்கள் பல உண்டு. நாளொன்றுக்குப் பத்துச் செய்தி செல்லும்வரை இக்குறை புலப்படாது. பல்லாயிரம் செய்திகள் ஒருங்கே பாயும் வேளையில்தான் தரகர் திணறுகிறது. ஆதலின் இணைப்பை ஒருமுறை திறந்து, நெடுநேரம் வைத்திருந்து, பலரும் பங்கிட்டுக்கொள்வதே முறை.

தறியோ பங்கிடற்குரியதன்று. ஒரே தறியில் இருவர் அமர்ந்து ஓடத்தை எறிந்தால் நூல் சிக்குண்ணும். அவ்வாறே ஓர் அமர்வை ஒரே வேளையில் இரு செயலிழைகள் கையாளலாகாது. செயலிழை ஒவ்வொன்றுக்கும் தனியமர்வு வேண்டும். சாலையைப் பூட்டினால் தறிகள் யாவும் நின்றுவிடுமாதலால், இணைப்பை மூடினால் அதன் அமர்வுகளும் மூடப்படும்.

புதியோர் அடிக்கடி இடறும் இடம் ஒன்றுண்டு. பழைய முறையில், இணைப்பை ஆக்கிய பின் அதனைத் தொடங்குமாறு கட்டளையிட வேண்டும். கட்டளையிடாவிடினும் செய்தி அனுப்பலாம், பெறுதல்தான் நிகழாது. பிழையறிவிப்பும் எழாது. பெறுவோன் வாளாவிருப்பான். 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு இணைப்பையும் அமர்வையும் ஒன்றாக்கிச் சூழல் என்னும் ஒரே பொருளாகத் தந்து, தொடக்கத்தையும் தானே செய்யலாயிற்று. வேலை எளிதாயிற்று; ஆனால் ஒரு சூழலை ஒரு செயலிழையே கையாள வேண்டுமென்னும் விதி மாறவில்லை.

பெற்றதற்கு ஒப்பம் அளிப்பதும் அமர்வின் பொறுப்பே. தானாக ஒப்பமிடும் அமர்வில், நிரல் தானே கேட்டுப் பெறும் செய்தி கைக்கு வந்த கணமே ஒப்பம் சென்றுவிடுகிறது. உடனே கணினி நின்றுபோனால், எச்சரிக்கை பெற்றதாகக் கணக்கில் இருக்கும், ஊருக்கோ எட்டியிராது. வேலை முடிந்த பின் ஒப்பமிடும் அமர்வில் செய்தி தொலையாது. ஒப்பத்துக்கு முன் தடை நேர்ந்தால் தரகர் அதனை மீண்டும் அனுப்பும். அதனால் ஒரே எச்சரிக்கை இருமுறை வரக்கூடும். கடலோர ஊருக்கு இரண்டாவதே தக்கது. ஒவ்வொரு செய்தியும் தனக்கென ஓர் அடையாள எண்ணைத் தாங்கி வருவதால், முன்னரே அறிவித்ததைப் பெறுவோன் கண்டு விலக்கலாம்.