நனைந்த தரையில் நின்று பாருங்கள்

தாம்பரம் சண்முகம் சாலையிலோ குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையிலோ கடை போடுகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பது காய்ந்த ஷோரூமில், நல்ல வெளிச்சத்தில். அந்தத் தரை உழைக்கப்போவதோ ஐப்பசி மழையில், நனைந்த செருப்புகளுக்கு அடியில். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. கறை எளிதில் ஏறாது. ஆனால் உறிஞ்சாமை வேறு, வழுக்காமை வேறு.

வழுக்காத் தன்மையை ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரிக்கிறார்கள். எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும். ஆர்9 ஈரம் படாத இடத்துக்குப் போதும். வாசலுக்கும் படிக்கும் ஆர்10, ஆர்11 கேளுங்கள். எண்ணெயும் தண்ணீரும் சிந்துகிற ஹோட்டல் சமையலறைக்கு ஆர்12 நல்லது. விற்பவருக்கு எண் தெரியாவிட்டால் நிறுவனத்தின் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

சமையலறைத் தரையில் சட்டமும் தலையிடுகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011 விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணைப்படி, தரை எளிதில் கழுவக்கூடியதாக, வடிகாலை நோக்கி வாட்டமாக இருக்க வேண்டும்; கழிவுநீர் உணவு தயாராகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு வாட்டத்தைச் சரிசெய்ய முடியாது. கொத்தனார் அடித்தளம் போட்டு அது இறுகியதுமே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே தரைத்தளக் கடைக்கு லேமினேட் மரத்தரை வேண்டவே வேண்டாம். நீர் புகுந்தால் உப்பிவிடும்.

தரையை அதிகம் அனுபவிப்பவர் முதலாளி அல்ல, நாள் முழுதும் அதன்மேல் நிற்கும் ஊழியர். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்ந்த 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. இருக்கை போடாத கடை எவ்வளவு விலையுயர்ந்த கிரானைட் பதித்தாலும் அது நல்ல கடை ஆகாது. பில் போடும் இடத்தில் கனமான ரப்பர் விரிப்பும் போடுங்கள், கால்வலி குறையும். வேலை நேரத்தில் வழுக்கி விழுந்தால் அது பணியிட விபத்து. ஈஎஸ்ஐ உள்ளவருக்குச் சிகிச்சையோடு, வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மருத்துவமனையில் ‘வீட்டில் விழுந்தேன்’ என்று முதலாளி சொல்லச் சொன்னால், ஊழியர்களே, சம்மதிக்காதீர்கள். அந்தப் பதிவு பிறகு உங்கள் உரிமைக்கே எதிராக நிற்கும்.

இனி, டைல்ஸே குறையாக வந்தால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. தானே நின்று நடத்தும் தையல் கடைக்காரர், டீக்கடைக்காரர் இந்த வாதத்தை வைக்கலாம். பல கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் சிவில் நீதிமன்றம்தான் வழி.

எந்த வழியானாலும் ஆதாரம் வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் பிராண்ட், அளவு, ரகம், ஆர் எண் இருக்கட்டும். பெட்டிகளின் பேட்ச் எண்ணையும் ஷேடையும் ஒப்பிட்டு, ஒட்டுமுன் படமெடுங்கள். ஒட்டிய பின் புகாரை ஏற்கமாட்டோம் என்று பல பெட்டிகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் குறையோடு பதித்துவிட்டால் வழக்கு பலவீனப்படும். நாலைந்து டைல்ஸை உபரியாக எடுத்து வையுங்கள். பிறகு சோதனைக்கு அனுப்ப அவை வேண்டும். வாடகைக் கடையென்றால் தரையை மாற்றக் கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் விற்பனையாளருக்கு எழுத்துமூலம் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தாம்பரம், பல்லாவரம் வட்டங்கள் அந்த மாவட்டத்தில்தான் வருகின்றன. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.