கூலி கொடுப்பவர் யார்?

(மூன்றாமாண்டு, வணிகவியல்)

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். வழக்கு வந்தால் வக்கீலிடம் செல்கிறோம். கண்ணில் கோளாறு என்றால் பல் வைத்தியரிடம் போவதில்லை. ஆனால், பணத்தைப் பற்றிய ஐயம் வந்தால் மட்டும், முதலில் எவர் வாசலில் வந்து நிற்கிறாரோ அவரிடமே கேட்டுவிடுகிறோம். ஒருவரை ஆராய்ந்து நம்புவதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். பண விஷயத்தில் அந்த ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது? ‘இவருக்குக் கூலி கொடுப்பவர் யார்?’ என்ற கேள்வியில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் பெரியப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த தொகையில் 2 லட்சம் ரூபாயை வைப்பு நிதியில் போட ஒரு வங்கிக்குச் சென்றார். அங்கிருந்த அதிகாரி, “ஐயா, இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது” என்று சொல்லி, காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினார். மறு ஆண்டு ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டுப் பிரிமியம் 2 லட்சம் ரூபாயைச் செலுத்துமாறு அதில் எழுதியிருந்தது. அது வைப்பு நிதி அன்று, ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி என்பது அப்போதுதான் தெரிந்தது. பாலிசி வேண்டாமென்று திருப்பித் தருவதற்குரிய நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. நிறுத்தினால் கட்டிய பணமும் போய்விடும் என்றார்கள். பெரியம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

“அவர் மரியாதையாகத்தான் பேசினார், காப்பி கூட வாங்கிக் கொடுத்தார்” என்று பெரியப்பா இன்றும் சொல்கிறார். அப்படியானால் பிழை எங்கே? விற்பவரை ஆலோசகர் என்று எண்ணியதே பிழை.

பண விஷயத்தில் உதவுவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் விற்பனை செய்வோர். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டு, பரஸ்பர நிதி விநியோகஸ்தர், காப்பீடு விற்கும் வங்கி அதிகாரி ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. கமிஷனை நிறுவனம் தருகிறது; அந்தக் கமிஷனோ நம் பணத்திலிருந்தே போகிறது. இவர்களை வெறுக்க வேண்டியதில்லை. குடும்பத் தலைவர் இறந்த வீட்டுக்கு ஓடி வந்து, பாரங்களை நிரப்பிப் பணம் வாங்கித் தரும் நல்ல ஏஜெண்டுகள் உண்டு. என்ன வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்தால் இவர்களிடம் போகலாம். என்ன வேண்டும் என்பதையே இவர்களிடம் கேட்பதுதான் ஆபத்து.

இரண்டாம் வகையினர், நாம் ஆடிட்டர் என்று அழைக்கும் பட்டயக் கணக்கர்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில் இவர்களுடையது. வருமான வரி, கடைக்கணக்கு, தணிக்கை ஆகியவற்றுக்கு இவர்களே உரியவர்கள். வரியை மிச்சப்படுத்தும் வழி வேறு. மகளின் படிப்புக்குச் சேமிக்கும் வழி வேறு.

மூன்றாம் வகையினர் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள். செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் இவர்களுக்கென 2013இல் விதிகளைக் கொண்டு வந்தது. இவர்கள் நம்மிடம் கட்டணம் பெற்று ஆலோசனை சொல்பவர்கள். தாம் பரிந்துரைக்கும் முதலீட்டுக்காக நிறுவனத்திடம் கமிஷன் பெறலாகாது. ‘ஐ.என்.ஏ.’ என்று தொடங்கும் இவர்களது பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

“ஏஜெண்டு இலவசமாகச் சொல்கிறார், இவருக்கு எதற்குக் கட்டணம்?” என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால், 20 ஆண்டுகளில் சுமார் 6,72,000 ரூபாய் ஆகும். கமிஷனுக்காக 1 விழுக்காடு குறைந்து, 9 விழுக்காடு வளர்ந்தால் கிடைப்பது சுமார் 5,60,000 ரூபாய். வேறுபாடு 1,12,000 ரூபாய்; அதாவது போட்ட முதலை விடவும் அதிகம்! கண்ணுக்குத் தெரியும் கட்டணத்தைக் கண்டு அஞ்சுகிறோம். தெரியாத கட்டணத்தைச் சிரித்துக்கொண்டே செலுத்துகிறோம்.

எல்லோருக்கும் ஆலோசகர் தேவை என்பதும் இல்லை. பெரியப்பாவுக்கு ஏற்றது எங்கள் ஊர் அஞ்சலகத்திலேயே இருந்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004 முதல் நடைபெறுகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி தருகிறது. ஆனால், அதற்கான முகவர் கமிஷன் 2011இல் நிறுத்தப்பட்டது. ஆகவே அதைச் சொல்லிக்கொண்டு வீடு தேடி வருபவர் எவரும் இல்லை. நல்லது பல நேரங்களில் விளம்பரமின்றி மூலையில் கிடக்கிறது!

இம்மூவரிலும் சேராத ஒருவரும் உண்டு. அவர் பதிவு எண் இல்லாதவர், வாட்ஸ்அப்பில் வருபவர், பெரிய வட்டி உறுதி என்பவர். 1990களில் பல நிதி நிறுவனங்கள் முறிந்து, வைப்பீட்டாளரைக் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்த ஆசையின் பழைய முகம் மாறியதே தவிர, ஆசை மாறவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். தந்தையின் ஓய்வுப் பணம் வரும் நாளில், “படித்த பிள்ளை நீ, பார்த்துச் சொல்” என்று தாளை நம்மிடம்தான் நீட்டுவார்கள். அன்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர் எங்கே பதிவு பெற்றவர்? இவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? பணத்தை ஒருமுறை கட்ட வேண்டுமா, ஆண்டுதோறும் கட்ட வேண்டுமா? விடையை எழுத்தில் பெறுங்கள். பாலிசியாக இருந்தால் கைக்கு வந்த அன்றே படியுங்கள். திருப்பித் தர இப்போது 30 நாட்கள் உண்டு.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அளப்பதற்கு ஒருவரை அழைக்கும்போது, படி யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்வோம்.