ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்கிறதா? முதலில் நகல், பிறகுதான் சோதனை

பல வீடுகளில் அது தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையில்தான் கிடக்கும். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு, சுற்றி வைத்த ஒரு கேபிள். திருமணப் படங்கள், பிள்ளையின் முதல் பிறந்தநாள் காணொளி, இப்போது நம்மோடு இல்லாத தாத்தாவின் குரல் எல்லாம் அதற்குள்தான். தீபாவளிக்கு முந்தைய வாரமோ, உறவினர் யாராவது பழைய படம் கேட்கும்போதோதான் அது வெளியே வரும். அப்படி எடுத்துக் கணினியில் செருகும் ஒரு நாள், கோப்புறை திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. அல்லது படம் பாதி தெரிந்து, மீதி சாம்பல் நிறமாக நின்றுவிடுகிறது. அல்லது உள்ளேயிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம்.

உடனே என்ன செய்வோம்? கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுவோம். மெல்ல இரண்டு தட்டுத் தட்டுவோம். ‘இந்த டிஸ்க்கைச் சரிசெய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டால், யோசிக்காமல் சரி என்போம். கோளாறு என்னவென்று பார்க்கும் ஆவலில் செய்யும் இந்த வேலைகளில் சில, மீட்டிருக்கக்கூடிய படங்களையும் மீட்க முடியாமல் செய்துவிடும். வீட்டிலேயே ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், இருப்பதை நகலெடுத்த பிறகுதான் சோதனை. நகலெடுக்கக்கூட முடியாத நிலை என்றால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டில் எது நம் நிலை என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சோதித்தால் போதும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பது உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் ‘ஹெட்’ எனும் சிறு முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த முனை பழுதாகித் தட்டில் உரசினால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டிய தூள் மற்ற இடங்களுக்கும் பரவும். அந்த நிலையில் டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவரின் படத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, முதல் சோதனைக் கருவி நம் காதுதான். டக் டக் என்ற சத்தம், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓரத்துக்குத் திரும்பி மறுபடி முயல்வதன் அறிகுறி. உலோகம் உரசுவது போன்ற சத்தமோ, மோட்டார் சுழல முடியாமல் முனகும் சத்தமோ கேட்டாலும் நிலைமை மோசம்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மின்சாரம் போதவில்லை என்றாலும் டக் டக் சத்தம் வரும். கையடக்க டிஸ்க் யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கிறது. பழைய கேபிள், நீளமான கேபிள், நான்கு கருவிகள் செருகிய யூஎஸ்பி ஹப் ஆகியவை அதைப் பட்டினி போடலாம். மேசையில் வைக்கும் பெரிய வகைக்குத் தனி அடாப்டர் உண்டு. டிஸ்க் நன்றாக இருக்க, அடாப்டர் மட்டும் பழுதாவதும் உண்டு. எனவே வேறு குட்டையான கேபிளை எடுத்து, கணினியிலேயே நேராகச் செருகி, ஒரே ஒருமுறை பாருங்கள். சத்தம் நின்றால் நல்லது. நிற்கவில்லை என்றால் பிடுங்கி வைத்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது முயற்சி வேண்டாம்.

சத்தம் எதுவும் இல்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது, சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நகலெடுக்கவே செலவிடுங்கள். எதை முதலில் எடுப்பது? வேறெங்கும் இல்லாததை. தாத்தாவின் குரலும் திருமணப் படங்களும் முதலில். இணையத்திலிருந்து இறக்கிய திரைப்படங்கள் கடைசியில், அதுவும் மனமிருந்தால். மொத்தக் கோப்புறையையும் ஒரேயடியாக இழுத்துப் போடாதீர்கள். கெட்டுப்போன ஒரு கோப்பில் கணினி மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். சிறு சிறு தொகுதிகளாக எடுத்து, சிக்கும் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது மேல்.

லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவச நிரலைப் பயன்படுத்தலாம். அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, சிக்கலான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். ஆனால் எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். இதில் முதல் பயிற்சியைக் குடும்பப் படங்களை வைத்துச் செய்ய வேண்டாம். பழக்கமுள்ள நண்பரைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பது நல்லது.

நகல் கையில் வந்த பிறகு, சோதனைக்கு வருவோம். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். விண்டோஸில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மோசம். பலர் அந்த நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். விஷயம் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது, அதிலும் நான்கு வரிகளில்.

05 என்ற வரி, டிஸ்க் தானே கைவிட்டு, மாற்றுக்கு வைத்திருந்த இடத்துக்கு நகர்த்திய பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் நிற்கும் பகுதிகள். சி6, சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. ஒரு பகுதி என்பது பழைய டிஸ்க்குகளில் 512 பைட், புதியவற்றில் 4,096 பைட். மிகச் சிறிய அளவுதான். ஆனால் ஒரு புகைப்படத்தின் நடுவில் அப்படி ஒரு பகுதி போனால், அதற்குக் கீழே உள்ள மொத்தப் படமும் சாம்பல் நிறமாகிவிடலாம். பாதிப் படம் தெரிவதன் ரகசியம் இதுதான்.

நான்காவது வரி சி7. இது டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தகவல் போகும் வழியில் நேர்ந்த பிழைகளைக் காட்டுகிறது. இது மட்டும் ஏறிக்கொண்டே போய், மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். புதிய கேபிள் போட்டாலும் பழைய எண்ணிக்கை குறையாது. மேலும் ஏறாமல் நின்றுவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். சில வெள்ளியில் முடியும் வேலைக்குப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

இங்கே இரண்டு குழப்பங்கள் வரும். அந்த நிரல் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். அதாவது 10 என்றிருந்தால் உண்மையில் 16. மெனுவில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்து, சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண்கள் நிற்கும். அந்த நிறுவனம் கணக்கு வைக்கும் முறை அப்படி. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு நாள் எண்ணைவிட அதன் போக்குதான் அதிகம் சொல்லும். 05 வரியில் 8 என்று ஓராண்டாக அப்படியே நிற்பது வேறு, போன வாரம் 8, இந்த வாரம் 40 என்பது வேறு. கைப்பேசியில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாம் நீலமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2007ஆம் ஆண்டு கூகல் ஆய்வாளர்கள், தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அப்படிக் காட்டாததைவிட அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பாதிக்கும் மேற்பட்டவை சொல்லாமலே போய்விட்டன. நீல நிறத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

வெளிப்புற டிஸ்க்குகளில் சில, ஸ்மார்ட் தகவலை யூஎஸ்பி வழியாக அனுப்பவே அனுப்பாது. மேக் கணினியின் டிஸ்க் யூட்டிலிட்டியும் பெரும்பாலும் உள்ளே உள்ள டிஸ்க்கைப் பற்றி மட்டுமே சொல்லும். எஸ்எஸ்டி வகையில் சுழலும் தட்டு இல்லை, அதனால் சத்தமும் இல்லை. நேற்றுவரை ஓடியது இன்று கணினிக்கே தெரியாமல் போகலாம்.

செய்யக்கூடாதவற்றில் முதலிடம் ‘செக் டிஸ்க்’ கட்டளைக்கு. நல்ல டிஸ்க்கில் அது பயனுள்ளது. நோயுற்ற டிஸ்க்கிலோ அது கோப்புகளின் பதிவேட்டை மாற்றி எழுதும். முழுச் சோதனையாகக் கொடுத்தால் மேற்பரப்பு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கவும் வைக்கும். மாரடைப்பு வந்தவரை ஓடவிட்டுப் பரிசோதிப்பது போல. மீட்பு நிரலை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் அப்படித்தான். தேடும் படத்தின் மேலேயே அது போய் உட்காரலாம்.

உறைபெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற வைத்தியம் இன்னமும் சுற்றுகிறது. சிங்கப்பூர்க் காற்றில் குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே நீர்த்துளி தட்டின் மேல் படியும். மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம். மின்னழுத்தத்தில் எரிந்துபோன பச்சைப் பலகைக்குப் பதிலாக, அதே மாடலின் பலகையைப் பொருத்துவது ஒருகாலத்தில் பலித்தது. இன்றைய பலகைகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்திருப்பதால் பெரும்பாலும் பலிக்காது. பெட்டியைக் கழற்றி டிஸ்க்கை நேராகக் கணினியில் இணைப்பதும் எல்லாவற்றுக்கும் சரிப்படாது. சில கையடக்க வகைகளில் யூஎஸ்பி துளை பலகையோடே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

காது ‘போதும்’ என்று சொன்ன டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோகும்போது, பழுதுபார்க்கும் கடைக்கும் தகவல் மீட்புக் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்க வேண்டாம். சிம் லிம் ஸ்குவேரில் கணினி பழுதுபார்க்கும் எல்லாரிடமும் தூசற்ற அறை இருக்காது. டிஸ்க்கை நீங்களே திறப்பீர்களா, வேறிடத்துக்கு அனுப்புவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, தகவல் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா, மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணம் வாங்குவீர்களா என்பதையும் கேளுங்கள். உள்ளே முனை பழுது என்றால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டலாம். கீழே விழுந்ததா, என்ன சத்தம், எத்தனை முறை செருகினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்படி எழுதுவதற்குக் காரணம், அப்பா தட்டியதைப் பிள்ளைகளும் பிள்ளை தவறவிட்டதை அம்மாவும் மறைப்பது வழக்கம்.

படங்கள் பத்திரமாக வேறு டிஸ்க்குக்கு வந்தபின், நான்கைந்தைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதும் படம் திறப்பதும் ஒன்றல்ல. பழைய டிஸ்க்கை ஃபார்மெட் செய்ததும் அது நன்றாகவே ஓடக்கூடும், சி5 எண்ணும் பூஜ்யத்துக்கு இறங்கலாம். தூக்கிப்போட மனம் வராதவர்கள் அதில் விளையாட்டுகளைப் போட்டு மகனிடம் கொடுக்கலாம். பள்ளித் திட்டப்பணியை மட்டும் அதில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.