சோம்பல் என்னும் பழி

உழைக்கும் ஏழையை நோக்கி உலகம் வீசும் வசைச்சொற்களில் மிகப் பழமையானது ‘சோம்பேறி’ என்பதே. நிலமுடையவன் கூலியாளை அவ்வாறு சொல்கிறான். பட்டணவாசி நாட்டுப்புறத்தானை அவ்வாறு சொல்கிறான். ஆளும் ஜாதி ஆளப்படும் ஜாதியை அவ்வாறு சொல்கிறது. சொல்லியபின், மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றுவதில்லை. சோம்பல் ஒருவனுடைய சொந்தக் குற்றமென்று தீர்மானித்துவிட்டால், அவனுடைய வறுமைக்கு வேறு யாரும் பொறுப்பாளியல்லர் என்பதும் கூடவே தீர்மானமாகிவிடுகிறதல்லவா? இந்தப் பழைய வசையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பரிசோதித்து, அது பொய்யென்று நிரூபித்த ஒரு பேராசிரியரின் வரலாறு, பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் யாவரும் அறியத் தக்கது.

அவர் பெயர் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ். 1867-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு மெதடிஸ்ட் பாதிரியாரின் குமாரராகப் பிறந்தார். ஜெர்மனிக்குச் சென்று, லைப்ஸிக் சர்வகலாசாலையில் ருடால்ப் லாய்கார்ட் என்ற பேரறிஞரிடம் ஒட்டுண்ணிகளைப் பற்றிய சாஸ்திரத்தைக் கற்று, 1890-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் வைத்தியர் அல்லர், பிராணி சாஸ்திரி. தாய்நாடு திரும்பியதும் சர்க்கார் கால்நடை இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். கூடவே ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையில் வைத்திய மாணவர்களுக்குப் பிராணி சாஸ்திரமும் போதித்துவந்தார்.

மனிதன் குடலில் வாழும் கொக்கிப்புழுவை அதற்கு வெகுகாலம் முன்பே, 1838-ல், மிலான் நகரத்து வைத்தியராகிய டுபினி கண்டுபிடித்திருந்தார். 1880-ல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ஸெயின்ட் காத்தார்டு சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் சோகை நோய்க்கு இரையானபோது, அதற்குக் காரணம் இப்புழுவே என்று தெரிந்தது. ஆனால் இது ஐரோப்பியச் சுரங்கங்களின் நோய், அமெரிக்காவில் இதற்கு இடமில்லை என்றே அந்நாட்டு வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். 1899-ல் ஜார்ஜ்டவுனில் பயின்ற பெய்லி ஆஷ்போர்டு என்ற ராணுவ வைத்தியர், போர்ட்டோ ரிக்கோத் தீவின் குடியானவர்களை மாய்த்துவந்த சோகைக்கு மூலம் கொக்கிப்புழுவே என்று காட்டினார். அப்பொழுதும் அமெரிக்காவின் தென் மாகாணங்களை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தென் மாகாணங்களின் நிலைமை என்ன? 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்தபின் அங்கே வறுமை குடிகொண்டது. கறுப்பு மக்கள் விடுதலை பெற்றும் அடிமைநிலை நீங்காதிருந்தனர். வெள்ளையரிலும் ஒரு பெரும்பகுதியார் பரம ஏழைகள். வெளுத்த முகம், உப்பிய வயிறு, மெலிந்த கைகால், ஒளியிழந்த கண், பதினெட்டு வயதிலும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுடைய வளர்த்தி, இவையே அவர்களுடைய அடையாளங்கள். சோகை முற்றியவர்களுக்கு மண்ணைத் தின்னும் இச்சை தோன்றுவது உண்டு. அதைக் கண்டு அவர்களுக்கு ‘மண்தின்னிகள்’ என்றே பெயரிட்டு நகைத்தனர். பிறவிக் குணமென்றார் சிலர். வெப்பமான சீதோஷ்ணத்தின் விளைவென்றார் சிலர். நோய் என்று சொன்னவர் வெகு சிலரே.

1902-ல் சுகாதார இலாகாவின் ஆராய்ச்சிசாலைக்கு மாற்றப்பட்ட ஸ்டைல்ஸ், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தென்பிரதேசத்தில் சுற்றுப்பிரயாணம் செய்தார். மணற்பாங்கான நிலங்களில் வீடுவீடாகவும் பள்ளிபள்ளியாகவும் சென்று, வெளுத்த முகமுடையவர்களின் மலத்தை வாங்கிச் சோதித்தார். எங்கு நோக்கினும் கொக்கிப்புழுவின் முட்டைகள்! அப்புழு ஐரோப்பியப் புழுவினின்றும் வேறான இனமென்று கண்டு, ‘நெகேட்டர் அமெரிக்கானஸ்’, அதாவது அமெரிக்கக் கொலைகாரன், என்ற பொருள்படப் பெயரும் வைத்தார்.

ஒரு சென்டிமீட்டர் அளவேயுள்ள இப்புழு சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு, வருஷக்கணக்காக இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது சொற்பமே. நூற்றுக்கணக்கான புழுக்கள் சேர்ந்து இடையறாது குடித்தால், அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவன் உடம்பில் இரத்தம் எவ்வாறு ஊறும்? பெண்புழு தினந்தோறும் ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. அவ்வாறு தோன்றும் நுண்புழுக்கள் சில நாட்களில், வெறுங்காலோடு நடப்பவனின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேருகின்றன. தோலின் வழியாக இது நுழையும் விந்தையைக் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர் தற்செயலாகத் தம் கையின்மீது நுண்புழு கலந்த நீர் சிந்தியதனால் அறிந்தார். ஆகவே, நோயாளி மீண்டும் மீண்டும் நோயுறுவது அவன் குணத்தினால் அன்று. காலணி வாங்கப் பணமும், கக்கூஸ் கட்ட வசதியும் இல்லாமையினால்.

1902 டிசம்பரில் ஸ்டைல்ஸ் தம் முடிவுகளை வாஷிங்டனில் வெளியிட்டார். மறுநாள் ஒரு நியூயார்க் பத்திரிகை ‘சோம்பல் கிருமி’ கண்டுபிடிக்கப்பட்டதென்று தலைப்பிட்டுப் பரிகாசம் செய்தது. நாடெங்கும் அதே சிரிப்பு. தென்னாட்டுப் பிரமுகர்களோ, தங்கள் தேசத்தை அவமதித்துவிட்டார் என்று சீறினர். பொது மேடைகளில் வெட்கமின்றிக் கக்கூஸைப் பற்றிப் பேசிய பேராசிரியரைக் கண்டு கண்ணியவான்கள் முகஞ்சுளித்தனர். இப்படி ஏழு வருஷம் கழிந்தது. உண்மை நூல்களில் அச்சாகிவிட்டது. நோயாளிக்கோ ஒரு வேளை மருந்தும் கிட்டவில்லை. ஆராய்ச்சிசாலையில் தோன்றிய அறிவு குடிசையைச் சென்று சேராதவரை அது அறிவாளிகளின் ஆபரணமே அன்றி ஜனங்களின் உடைமையாகாது.

ஸ்டைல்ஸ் சோரவில்லை. 1908-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நியமித்த கிராம வாழ்க்கைக் கமிஷனோடு ரயிலில் பிரயாணம் செய்கையில், ஒரு சிற்றூர் நிலையத்தில் குறுகிக் கோணி நின்ற ஓர் ஏழையைக் கண்ட கமிஷன் அங்கத்தினர் ஒருவர், இது என்ன பிறவியென்று வினவினார். அரை டாலர் பெறுமான மருந்தினால் சில வாரங்களில் இவனை உழைக்கும் பிரஜையாக்கலாம் என்றார் ஸ்டைல்ஸ். உடனிருந்த வால்டர் ஹைன்ஸ் பேஜ் என்ற தென்னாட்டுப் பத்திரிகாசிரியரின் மனத்தில் இது தைத்தது. அவர் மூலமாகச் செய்தி செல்வர் ராக்பெல்லரின் ஆலோசகர்களை எட்டியது. 1909 அக்டோபரில் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் நன்கொடையளித்துக் கொக்கிப்புழு ஒழிப்புக் கமிஷன் ஒன்றை ஸ்தாபித்தார்.

அந்தக் கமிஷனை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வைத்தியர் அல்லர்; விக்லிப் ரோஸ் என்ற தத்துவப் பேராசிரியர். இது தற்செயலன்று. மருந்து மிக எளியது: ஓமத்திற்கு மணமளிக்கும் சத்தாகிய தைமாலும், அதன் முன்னும் பின்னும் பேதியுப்புமே. கடினமான காரியம் ஜனங்களை நம்பச் செய்வதுதான். மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதுபோல் மனிதனை வைத்தியத்திற்கு ஓட்ட முடியாது. ராக்பெல்லர் காலணி வியாபாரம் தொடங்கப் போகிறார், அதற்காகவே இந்தப் பயமுறுத்தல் என்றுகூட ஊரார் பேசிக்கொண்டார்கள். ஆகவே 11 மாகாணங்களிலும் உள்ளூர்ச் சுகாதார இலாகாக்களையே முன்நிறுத்தி, பள்ளி ஆசிரியர்களையும் பத்திரிகைகளையும் துணைகொண்டு வேலை நடந்தது. கூடாரமடித்து, குடியானவனையே பூதக்கண்ணாடியில் கண்வைத்து முட்டைகளைப் பார்க்கச் செய்தார்கள். புழுக்களைப் புட்டியில் அடைத்துக் காட்டினார்கள். குணமடைந்தவர்கள் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். திருவிழாவுக்கு வருவதுபோல் வண்டிகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் சிகிச்சை பெற்றனர். சோதிக்கப்பட்ட பள்ளிப் பருவத்துக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு நோய் இருந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2007-ல் ஹாய்ட் பிளீக்லி என்ற பொருளாதார நிபுணர் அக்காலத்துக் கணக்குகளை ஆராய்ந்து, நோய் மிகுந்திருந்த ஜில்லாக்களில் இவ்வியக்கத்திற்குப் பின் பள்ளிக்கு வருவோர் தொகையும் எழுத்தறிவும் உயர்ந்தன என்றும், அக்குழந்தைகள் பெரியவர்களானபின் அதிக வருமானம் பெற்றனர் என்றும் காட்டினார். மந்தபுத்தி என்று பழிக்கப்பட்டவர்களின் குறை மூளையில் இல்லை, குடலில் இருந்தது!

ஆயினும் முழு உண்மையையும் சொல்லுவதே முறை. கமிஷன் ‘ஒழிப்பு’ என்ற பெயர் தாங்கியிருந்தும் நோய் ஒழியவில்லை. நாட்டுப்புற வீடுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கக்கூஸே இல்லாதிருந்ததால், குணமடைந்தவன் வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்து மறுபடியும் நோயுற்றான். ஸ்டைல்ஸிடமும் குறைகள் உண்டு. பஞ்சாலைகளில் வேலைசெய்த சிறுவர்களின் மெலிவுக்குக் கொக்கிப்புழுவே காரணமென்று அவர் வற்புறுத்தியது, சிறுவர் உழைப்பை ஒழிக்கப் போராடியவர்களுக்கு இடையூறாயிற்று. இப்புழு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் வழியே வந்ததென்று தெரிந்தபின், கறுப்பு மக்களையே நோயின் இருப்பிடம்போல் அவர் எழுதினார். விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்நோயை விரும்பியா கொண்டுவந்தார்கள்? ஒரு சாராரின்மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த கையே இன்னொரு சாராரின்மேல் பழியைத் தடவ இடங்கொடுத்தது வருந்தத் தக்கதே.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1913-ல் ராக்பெல்லர் ஸ்தாபனம் இவ்வேலையை உலகெங்கும் பரப்ப முற்பட்டது. 1916-ல் இலங்கைத் தோட்டங்களில், தேயிலையும் ரப்பரும் வளர்த்த தமிழ்த் தொழிலாளர்களிடையே இயக்கம் தொடங்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் புழுவைச் சுமந்திருந்தனர். மருந்து கொடுக்கத் துரைமார் இசைந்தனர். வேலை அதிகம் நடக்குமல்லவா? லயங்களுக்குக் கக்கூஸ் கட்டும் செலவென்றதும் கை பின்வாங்கியது. மருந்துண்டவர்கள் மீண்டும் அதே மண்ணை மிதித்தார்கள்.

இன்றைக்கும் மண்வழிப் பரவும் குடற்புழுக்களால் உலகில் ஏறக்குறைய 150 கோடி மக்கள் பீடிக்கப்பட்டிருக்கின்றனர் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. இந்தியா 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க தினம் அனுஷ்டித்து, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கிவருகிறது. நல்ல காரியம், ஆனால் மாத்திரையோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் தென் மாகாணங்களையும் இலங்கைத் தோட்டங்களையும் நினைவுகூர வேண்டும். 1941-ல் காலமான ஸ்டைல்ஸ், ஒழுங்கான கக்கூஸ் ஒன்றை ஏழை வீட்டில் நிறுவுவதையே தம் கண்டுபிடிப்பின் நிறைவாகக் கருதி, அதன் அமைப்பை வகுப்பதிலும் பங்குகொண்டார். பேராசிரியர் ஒருவர் அதைத் தம் கௌரவத்திற்குக் குறைவென்று நினைக்கவில்லை.

கிராமத்திற்குச் சென்று தொண்டாற்றும் நண்பர்கள், இனி ஒருவனைச் சோம்பேறியென்று யாராவது சொல்லக் கேட்டால், முதலில் அவனுடைய கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்க்கட்டும். அது வெளுத்திருந்தால், அவன் வீட்டுக் கொல்லைக்குச் சென்று அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கட்டும். அதற்கப்புறம் யார்மேல் குற்றம் சாட்டுவது என்று தீர்மானிக்கலாம்.