டயர் பெரிதானால் டிரைவர் திருடனா?

மாதக் கடைசி. பெங்களூர் கலாசிப்பாளையத்தில் ஒரு லாரி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். குமாஸ்தா டிரிப் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கிறார். பிக்கப் வண்டி ஒன்றின் கணக்கு உதைக்கிறது. ஓடிய தூரம் குறைவு. போட்ட டீசல் அதிகம். 17 லிட்டர் எங்கே போயிற்று?

முதலாளி டிரைவரைக் கூப்பிடுகிறார். "என்னப்பா, டீசலை எங்கே வித்தே?"

"சத்தியமா இல்லீங்க முதலாளி" என்கிறார் டிரைவர். யார் நம்புவார்கள்?

டிரைவர் மேல் தப்பில்லை. கணக்கு எழுதிய குமாஸ்தா மேலும் தப்பில்லை. போன மாதம் மாட்டிய பெரிய டயர்தான் காரணம்!

மீட்டருக்குத் தெரிந்தது என்ன?

மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் வைத்த கணக்கைக் கொண்டே வேகத்தையும் கிலோமீட்டரையும் அது காட்டுகிறது.

வண்டியோடு வந்தது 215/75 ஆர் 15 டயர். அதன் உயரம் 703.5 மில்லிமீட்டர். பள்ளம் மேடுக்கு நல்லது என்று 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733.5 மில்லிமீட்டர். இந்த 3 சென்டிமீட்டர் வித்தியாசத்தால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 9 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக நகர்கிறது. மீட்டருக்கு அது தெரியாது.

உண்மையில் 5,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 4,796 என்றுதான் காட்டும். 204 கிலோமீட்டர் மாயம்! லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால், அதுதான் அந்த 17 லிட்டர். கிலோமீட்டர் கணக்கில் பேட்டா வாங்குகிறவருக்கு அந்தப் பணமும் நஷ்டம்.

வேகமும் அப்படித்தான். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் இப்போது 80 காட்டினால், வண்டி 83-க்கு மேல் ஓடுகிறது. சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு விதி செய்தது. அந்தக் கருவியும் இதே கணக்கை நம்பினால் ஏமாந்துதான் போகும்.

திருத்துவது எப்படி?

முதலில் சோதனை. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 9.6 காட்டினால் விஷயம் புரிந்துவிடும். கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். வேகத்தோடும் ஒத்துப் பாருங்கள்.

கேபிள் வைத்த பழைய வண்டிகளில் கியர் பாக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரத்தை மாற்றித் திருத்துவார்கள். இப்போதைய வண்டிகளில் கணக்கு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் லேப்டாப்பையோ கையடக்கக் கருவியையோ இணைத்து, டயரின் சுற்றளவையோ, கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்பதையோ மென்பொருளில் புதிதாக எழுதுவார்கள். பழைய டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 452 சுற்று. புதியது சுமார் 434.

எழுதுமுன் பழைய கணக்கை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். நடுவில் கரன்ட் நின்றால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். முடிந்ததும் அதே 10 கிலோமீட்டரை மறுபடி ஓட்டிப் பாருங்கள். எல்லா வண்டியிலும் வெளி மெக்கானிக்கால் இது முடியாது. கம்பெனி சர்வீஸுக்கே போக வேண்டிய வண்டிகளும் உண்டு.

இதைச் செய்யாதீர்கள்

"அப்படியே ஓடிய கிலோமீட்டரையும் குறைச்சிடலாம், ஸ்பீடு லிமிட்டையும் ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முன்னது மோசடி, பின்னது விதி மீறல். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஆகவே, இந்த அளவு டயரை உங்கள் வண்டிக்குக் கம்பெனி அனுமதித்திருக்கிறதா என்று வாங்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டயர் மாற்றிய தேதி, அன்றைய மீட்டர் எண், டயர் அளவு இந்த மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். மீட்டரைத் திருத்தும் வரை, மேலே சொன்ன டயருக்கு, மீட்டர் காட்டும் தூரத்தை 1.043-ஆல் பெருக்குங்கள். பெரிய டயரால் மைலேஜே கொஞ்சம் மாறலாம். அது தனிக் கணக்கு.

ஊரை விட்டு வந்து ஸ்டீயரிங் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு நல்ல பெயர்தான் சொத்து. டீசல் குறைந்தால் ஆளைச் சந்தேகிக்குமுன் டயரைப் பாருங்கள்!