செய்தியை ஆராய்தல்

ஓசூரை அடுத்துள்ளது சானமாவு என்னும் ஊர். அதனைச் சார்ந்த காப்புக்காட்டிற்குக் கேழ்வரகு விளையும் பருவத்தில் கருநாடகத்தினின்று யானைக் கூட்டங்கள் வருவதுண்டு. ‘யானை வந்துவிட்டது’ என்று ஒருவர் கூறினால், உழவர் கேட்டறிய வேண்டுவன மூன்று: கண்டவர் யார்? கண்ட இடம் எது? கண்ட நேரம் யாது? நேற்றைய செய்தியை இன்றையதெனக் கருதி அஞ்சினால் வேலை கெடும். இன்றைய செய்தியைப் பழையதென இகழ்ந்தால் உயிருக்கே கேடு வரும்.

இவ்வினாக்கள் யானை பற்றிய செய்திக்கு மட்டும் உரியன அல்ல; கைப்பேசியில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் உரியன.

2023 மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று கூறும் காணொளிகள் பரவின. காவல்துறை அவற்றுள் இரண்டை ஆராய்ந்து விளக்கம் அளித்தது. ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் தமக்குள்ளேயே இட்ட பூசல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூரார் இருவரிடையே நிகழ்ந்த பூசல். இரண்டும் முன்னரே நடந்தவை. படம் மெய், அதனோடு இணைத்த சொல்லோ பொய். பீகார் அரசும் அதிகாரிகளை இங்கு அனுப்பி உண்மையை அறிந்தது. ஆயினும் அதற்குள் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அஞ்சிக் கலங்கினர். பன்மொழி பேசுவோர் ஒருங்கே உழைக்கும் ஓசூர் போன்ற தொழில் நகரங்களில், அடுத்த வீட்டாரையே ஐயுறச் செய்யும் இத்தகைய பொய் பெருந்தீங்கன்றோ?

இத்தீங்கைத் தடுக்க இளமையிலேயே பயிற்சி வேண்டும். கேரளத்துக் கண்ணூர் மாவட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. 2017-இல் தட்டம்மைத் தடுப்பூசி பற்றிப் பரவிய வதந்தியால், அங்குப் பெற்றோர் பலர் தம் மக்களுக்கு ஊசி போடத் தயங்கினர். மறு ஆண்டில், மாவட்ட நிருவாகம் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்னும் பெயரால், பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சியை மாணவர்க்கு அளித்தது. பள்ளியில் கற்ற பிள்ளை, வீட்டில் பெற்றோர்க்கும் அதனை எடுத்துரைக்கலாம் அல்லவா?

குடியாட்சியில் வாக்களித்தல் வயது வந்தோர்க்கு உரிய உரிமை. பொய்யைப் பரப்பாதிருத்தலோ சிறுவர்க்கும் உரிய கடமை. ஆகவே, ஒரு செய்தி உங்கள் உள்ளத்தில் சினத்தையோ அச்சத்தையோ எழுப்புமாயின், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் சற்றே நில்லுங்கள். சொன்னவர் யார், இடம் எது, காலம் எது என வினவுங்கள். விடை கிடைக்கவில்லையேல், அச்செய்தி உங்களோடு நின்றுவிடட்டும்.