ஜெரேனியம் இலையில் வெண்புள்ளிகள்

சுவிற்சர்லாந்தில் மே மாதத்தின் நடுப்பகுதி கழிந்து, இரவுப் பனியின் அச்சம் நீங்கியதும், சாளரங்களிலும் பல்கனிகளிலும் செந்நிற ஜெரேனியம் மலர்கள் இடம்பிடித்துக்கொள்கின்றன. பேர்ண் நகரிலே இம்மலருக்கென்றே வசந்தகாலத்தில் ஒரு சந்தையும் கூடுகின்றது. இந்நாட்டின் அடையாளம் போலத் தோன்றும் இச்செடி, உண்மையில் நம்மைப் போல வெளியிலிருந்து வந்து குடியேறியதேயாகும். தென்னாபிரிக்காவே அதன் தாயகம். 17ஆம் நூற்றாண்டில் அது கப்பல்வழி ஐரோப்பாவை அடைந்தது. லின்னேயசு 1753இல் இதனை ஜெரேனியம் என்னும் பேரினத்துள் அடக்கினார். 1789இல் லெரித்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் பெலார்கோனியம் எனப் பிரித்தெடுத்தார். சந்தையிலோ பழைய பெயரே நிலைத்துவிட்டது. வெயிலும் காற்றும் நிறைந்த நிலத்துக்குரிய இச்செடி, ஈரம் தேங்குவதை விரும்புவதில்லை. மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாயின் பின்வருவன எளிதில் விளங்கும்.

இலையில் வெண்புள்ளிகளைக் கண்டவுடன் சிலர் சாடியோடு செடியை எறிந்துவிடுகின்றனர். வேறு சிலர் கடையில் முதலிற் கண்ட பூச்சிமருந்தை வாங்கித் தெளிக்கின்றனர். இரண்டாவது செயலே கூடிய தீங்குடையது. நம்மவர் பலர் அதே பல்கனியில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்க்கின்றனர். குழந்தைகள் விளையாடுவதும் அங்கேயே. காரணம் அறியாது தெளிக்கப்படும் நஞ்சு சமையலறைவரை வந்துசேரும். வெண்புள்ளி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறி மட்டுமே. காரணத்தைக் கண்டறியப் பெரும்பாலும் ஒரு விரலும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியுமே போதும்.

முதலில் ஈரவிரலால் புள்ளியைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் இருந்து, தேய்த்ததும் நீங்கி, மீண்டும் தண்ணீர் தெளிக்கும்வரை தோன்றாதிருந்தால் அது சுண்ணாம்பே. கேத்தலின் அடியிற் படிகின்ற அதே பொருள்தான். தண்ணீரை இலையில் ஊற்றாது மண்ணில் ஊற்றுவதே அதற்கு மருந்து. மாவு தூவியது போன்ற படலம் துடைத்த பின்னரும் பரவிவருமாயின் அது சாம்பல் நோய் என்னும் பூஞ்சணம். தாக்குண்ட இலைகளை அகற்றிச் சாடிகளை இடைவெளிவிட்டு வைத்தால் காற்றோட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். இலைக்காம்பின் இடுக்கிலே பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சியாகும்.

தேய்த்தும் போகாத புள்ளிகளுக்கு இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். துரு நோயில் இலையின் மேற்புறத்தில் வெளிர்மஞ்சள் அல்லது வெண்மையான சிறு புள்ளிகள் தோன்றும். அவற்றின் நேர்கீழே பழுப்புநிறத் தூள், பெரும்பாலும் வளையத்துள் வளையமாக அமைந்திருக்கும். வெள்ளைக் காகிதத்தில் அழுத்தினால் அத்தூள் ஒட்டும். இப்பூஞ்சணமும் தென்னாபிரிக்காவிலிருந்து வந்ததே; 1960களில் ஐரோப்பாவிற் பரவத் தொடங்கியது. இலை சில மணிநேரம் ஈரமாயிருந்தால் வித்துத்தூள் முளைத்து உட்புகும். ஆகவே புள்ளியுள்ள இலைகளைக் கிள்ளிப் பையிலிட்டுக் கட்டிக் குப்பையிற் சேர்க்க வேண்டும். பசளைக் குவியலில் இடலாகாது. சாடியைத் தனியே வைத்தலும் அவசியம். பூஞ்சணக்கொல்லி புதிய இலைகளைக் காக்குமேயன்றிப் புள்ளி விழுந்த இலையைக் குணமாக்காது. அயலிலுள்ள கறிவேப்பிலைக்கு இந்நோயால் ஆபத்தில்லை என்பது ஓர் ஆறுதல்.

இலையின் கீழ்ப்புறத்தில் தூள் இல்லாமல், முதலில் நீர்க்கொப்புளமாகவும் பின்னர் தக்கைபோலக் காய்ந்தும் காணப்பட்டால் அது நோயேயன்று. மண் ஈரமாகவும் வானம் மூடிக் குளிராகவும் இருக்கும்போது வேர் உறிஞ்சும் நீர் முழுவதையும் இலையால் ஆவியாக்க இயலாது. உயிரணுக்கள் வீங்கி வெடிக்கின்றன. தொங்கிப் படரும் வகையிலேயே இது மிகுதி. இதற்கு மருந்தடிப்பது வீண்செலவு. மண்ணின் மேற்பகுதி உலர்ந்த பின் காலையில் நீரூற்றினால் புதிய இலைகள் பழுதின்றி வரும்.

ஊசியாற் குத்தியதுபோல நுண்ணிய வெண்புள்ளிகள் இலை முழுவதும் நெருங்கியிருந்தால், இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். அரை மில்லிமீற்றரளவு புள்ளிகள் ஊர்ந்தால் அவை சிலந்திச் சிற்றுண்ணிகள். வெப்பமும் வறட்சியுமே அவற்றுக்கு உகந்தவை. இவை மிளகாய்ச் செடிக்கும் தாவக்கூடியன. ஆதலால் தாமதித்தல் கூடாது. இலையின் அடிப்புறத்தை நீரால் நன்கு கழுவி, செடிகளுக்கென விற்கப்படும் பொட்டாசியச் சவர்க்காரக் கரைசலை உறையிற் குறித்த அளவில் தெளிக்கலாம். சவர்க்காரம் பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டைகளை அன்று. எனவே வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை செய்தல் வேண்டும். தொட்டதும் பறக்கும் வெள்ளை ஈக்கும் இதுவே வழி. மஞ்சள் ஒட்டட்டையும் தொங்கவிடலாம்.

குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெளிறித் திட்டாகும். இது வெயிற்சூடு. முதல் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கினால் இது நேராது.

இலையுதிர்காலத்தில் செடிகளை உள்ளே எடுக்குமுன் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். துருப் பூஞ்சணம் உயிருள்ள இலையிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றது. அந்நோய் கண்ட செடியிலிருந்து நண்பருக்கு நடுவதற்கெனத் தண்டு வெட்டிக் கொடுத்தலும் ஆகாது.